நிரல் தராத நிறுவனத்துக்குக் கடைசித் தவணை எதற்கு?

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் போனால், அரசுப் பள்ளிக் கணினிகளில் ஓடுவது கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய லினக்ஸ். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பட்டதும் திருவனந்தபுரத்தில்தான். மென்பொருளில் இவ்வளவு தெளிவாக ஒரு பக்கம் நின்ற கேரள அரசு, வாங்கும் கருவிகளிலும் அதே தெளிவைக் காட்ட வேண்டும். ரௌட்டர், ஸ்மார்ட் டிவி, ஆண்ட்ராய்டு கருவி என எதைப் பிரித்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது லினக்ஸ். அதன் உரிமமான, 1991-ல் வெளிவந்த ஜிபிஎல் பதிப்பு சொல்வது இதுதான்: கருவியை விற்பவர், அதில் ஓடும் நிரலின் மூலத்தையும் அதைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளையும் சேர்த்துத் தர வேண்டும், அல்லது கேட்டால் தருவதாகக் குறைந்தது மூன்றாண்டு செல்லும் எழுத்துறுதி தர வேண்டும். டிவியின் செட்டிங்ஸில் 'சட்டத் தகவல்' என்ற பக்கத்தைத் திறந்தால் நீண்டுகொண்டே போகும் உரிம வாசகங்கள் இந்தக் கடமையின் சுவடு. வாசகம் மட்டும் வந்து நிரல் வராமல் போவதில்தான் சண்டை தொடங்குகிறது.

இந்தச் சண்டையில் தனி நிரலாளர் ஜெயித்ததும் உண்டு. லினக்ஸின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டரின் நிரலாளர் ஹரால்ட் வெல்டே 2004-ல் மியூனிக் நீதிமன்றத்தில் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராகத் தடையாணை வாங்கினார். 2006-ல் டி-லிங்க்குக்கு எதிரான வழக்கு ஃபிராங்ஃபர்ட்டில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. லிங்க்சிஸ் ரௌட்டரின் நிரல் 2003-ல் வெளிவந்ததால்தான் ரௌட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. தயாரித்தவர் கைவிட்ட பல ரௌட்டர்கள் அதனால் உயிரோடு இருக்கின்றன. ஆனால் லினக்ஸ் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக்கின் கதையைப் பாருங்கள். தம் நிரலை உரிமத்தை மீறிப் பயன்படுத்தியதாக விஎம்வேர் நிறுவனத்தின் மீது 2015-ல் வழக்குப் போட்டார். தாம் எழுதிய வரிகள் எவை, அவை எங்கே பயன்பட்டன என்று போதிய அளவு நிறுவவில்லை எனச் சொல்லி ஹாம்பர்க் நீதிமன்றம் 2016-ல் தள்ளுபடி செய்தது. 2019-ல் மேல்முறையீடும் தோற்றது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய நிரலில் ஒருவர் தம் பங்கைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. நம் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகத்தான் பாதுகாக்கிறது. அதனாலேயே ஒரு தனி ஆள் நிறுவனத்தோடு வழக்காடி வெல்ல முடியும் என்று ஆகிவிடாது.

வாங்குபவருக்கு இந்தச் சுமை இல்லை. அமெரிக்காவில் விசியோ டிவி தொடர்பாக 2021-ல் மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பு அமைப்பு தொடுத்த வழக்கு, டிவியை வாங்கியவர் என்ற உரிமையில் போடப்பட்டது. ஜெர்மனியில் ஏவிஎம் ரௌட்டர் வாங்கிய ஒருவர், தொகுக்கவும் நிறுவவும் தேவையான ஸ்கிரிப்டுகளைக் கேட்டு 2023-ல் வழக்குப் போட்ட பிறகே அவை வந்தன; வழக்குச் செலவும் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. ஒரே ஒரு ரௌட்டர் வாங்கியவருக்கே இவ்வளவு முடியுமானால், ஒரு மாநிலத்துப் பள்ளிகளுக்கெல்லாம் வாங்கும் அரசு நீதிமன்றம் ஏறவே வேண்டியதில்லை. டெண்டரில் ஒரு நிபந்தனை போதும்.

சிப் தயாரிப்பாளர் பைனரியை மட்டும் தருகிறார், நாங்கள் என்ன செய்வோம் என்று உள்நாட்டு பிராண்டுகள் கேட்கும். அந்தக் கஷ்டம் உண்மைதான். ஆனால் கருவியை விற்பவை அந்த பிராண்டுகள்தான். பெரிய ஆர்டர் கையில் இருக்கும்போதுதான் அவற்றால் சிப் நிறுவனத்திடம் வாதாட முடியும். தொழில் ரகசியம் போய்விடும் என்பது அவ்வளவு வலுவான வாதமல்ல. தனித்து நிற்கும் சொந்தச் செயலிகளின் நிரலை உரிமம் கேட்பதில்லை. கூடுதல் கவனத்துக்குரிய எதிர்ப்பு வேறு: உரிமத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் ஆட்களும் உண்டே? உண்டு. அப்படிப்பட்ட புகார்களால் பேட்ரிக் மெக்ஹார்டியை 2016-ல் நெட்ஃபில்டர் குழுவே தன் மையக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தது. கொள்முதல் நிபந்தனையில் அந்த ஆபத்துக்கு இடமில்லை. அதில் கேட்கப்படுவது நிரல் மட்டுமே.

பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. கேரளத்தில் சிறுபான்மையாக வாழும் மொழிக்காக எந்தத் தயாரிப்பாளரும் தனியாக மெனக்கெட மாட்டார். விசைப்பலகையோ எழுத்துருவோ உடைந்தால், நிரல் கையில் இருந்தால்தான் உள்ளூர் ஆள் சரிசெய்ய முடியும். நிரலை வாங்கிச் சோதிக்க ஆளைத் தேடி அலையவும் வேண்டாம்; கேரள அரசின் கட்டற்ற மென்பொருள் மையமான ஐசிஃபாஸ் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. கொடுத்த நிரலை அவர்கள் தொகுத்து, கருவியில் ஏற்றி, ஓடுகிறது என்று சான்று தந்த பிறகே கடைசித் தவணை போகட்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டும் இதே நிபந்தனையைப் போட்டால், இரு மாநிலங்களுக்கும் விற்க நினைக்கும் எவரும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது.