கோப்பு திறக்கலைன்னா கணினியையே அழிக்கணுமா?



எங்க அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது விண்டோஸ் கெட்டுப்போச்சு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மட்டும் ஓடுது.

போன மாதம் என் தோழி பென்டிரைவில் மாதிரி வினாத்தாள்கள் கொடுத்தாள். எல்லாம் செவன்-ஜிப்பில் சுருக்கிய ஒரே கோப்பு. எத்தனை தடவை கிளிக் பண்ணியும் திறக்கலை. காரைக்குடியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "லினக்ஸ் எல்லாம் வேஸ்ட்மா. மொத்தத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடலாம், 600 ரூபாய்" என்றார்கள். அக்காவின் கல்லூரிப் பாடமெல்லாம் அதில்தான் இருக்கு! "சாவி இல்லைன்னு யாராச்சும் வீட்டை இடிப்பாங்களா? வா போவோம்" என்று அம்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பார்த்திருப்பீர்கள். தரை முழுவதையும் வரைய வேண்டாம். ஒரு பூக்கல்லை வரைந்து, 'இதே போல் 200' என்று எழுதினால் போதும். கோப்பைச் சுருக்குவதும் அப்படித்தானாம். திரும்பத் திரும்ப வருவதை ஒரு தடவை எழுதி, மற்ற இடத்தில் குறிப்பு மட்டும் வைப்பார்கள். அந்தக் குறிப்பை விரித்துக் காட்டும் நிரல்களின் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். நம் பள்ளி நூலகம் மாதிரி, பல மென்பொருள்கள் அதை எடுத்துப் பயன்படுத்தும். எங்கள் கணினியில் பழுதே இல்லை. அது ஒன்றுதான் இல்லை.

அக்காவின் செல்போனில் இருந்து இணையம் கொடுத்து, டெர்மினலில் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பி7ஜிப்-ஃபுல்' என்று ஆங்கிலத்தில் அடித்தோம். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது. கீபோர்டு போச்சுன்னு பயந்துட்டேன். அது அப்படித்தான் இருக்குமாம். கொஞ்ச நேரத்தில் கோப்பு திறந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் செவன்-ஜிப்பின் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்க வேண்டும். 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்த்து எடுக்க வேண்டும். இரண்டு எம்.பி. கூட வராது. இகோர் பாவ்லோவ் என்பவர் 1999-ல் உருவாக்கி, இன்றும் இலவசமாகத் தருகிறார். கண்ட தளத்தில் இறக்கினால் வைரஸும் கூடவே வரலாம்.

சரியான இடத்தில் எடுத்தாலும் கவனம் வேண்டும். லினக்ஸில் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் மென்பொருளின் புதிய பதிப்பில் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தது 2024 மார்ச்சில் தெரிந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தேடிக் கண்டுபிடித்தார். அரை விநாடியைக் கவனித்தவர் உலகத்தையே காப்பாற்றினார்! நாமோ 'ஓகே, ஓகே' என்று படிக்காமலே அழுத்துகிறோம்.

என் கருத்து இதுதான். கோப்பு அனுப்புகிறவர்கள் 'ஜிப்' வடிவில் அனுப்புங்கள். விண்டோஸ், மேக் இரண்டும் அதைத் தானாகவே திறக்கும். பெரும்பாலான லினக்ஸும் திறக்கும். கணினி வகுப்பில் பெயிண்டில் படம் வரைந்தது போதும். ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு மென்பொருளை விண்டோஸிலும் லினக்ஸிலும் நிறுவிப் பார்க்க ஆசிரியர்கள் ஒரு பாடவேளை தர வேண்டும். தெரியாததை வேஸ்ட் என்று சொல்லாமல், தெரிந்துகொள்வோம்.

சாவியைத் தேடுவோம், வீட்டை இடிக்க வேண்டாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி