வெற்றிலை பூவாதா?

கடலூரை அடுத்த குடிகாட்டிலாகட்டும், சிதம்பரத்திலாகட்டும், விவாக வீடுகளில் தாம்பூலத் தட்டு சுற்றி வருகையில், பூவாமலும் காயாமலும் வெறும் இலையாகவே நிற்பதனால்தான் வெற்றிலைக்கு அப்பெயர் வாய்த்ததென்று பெரியவர் ஒருவர் சொல்வதும், சுற்றியிருப்போர் ஆமோதித்துச் சுண்ணாம்பைத் தடவிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. பதப்பிரிப்பில் எனக்கு விவாதமில்லை. பெயரைக் கொண்டு கொடியின் சுபாவத்தை நிர்ணயிப்பதே ஒவ்வாதது.

வெற்றிலை பூக்கத்தான் செய்கிறது. நம் கண் தேடுவது இதழை. மிளகுக் குடும்பத்துப் பூவுக்கோ இதழே கிடையாது. இலைக்கு எதிர்ப்புறத்துக் கணுவில் திரி போலொரு கதிர் தொங்க, அதில் கடுகினும் சிறிய பூக்கள், ஒவ்வொன்றும் வட்டமான ஒரு செதிலின் அடியில் ஒதுங்கி, நெருங்கியிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் திப்பிலி வாங்குகிறவர் ஒவ்வொன்றையும் ஒற்றைக் காயென்று எண்ணுகிறார். உண்மையில் அவர் கையிலிருப்பது பல நுண்கனிகள் ஒட்டிச் சேர்ந்த முழுக்கதிர். வெற்றிலைக் கதிரும் அந்த ஜாதியே. கேசரங்களையும் சூலகங்களையும் எண்ணித் தாவரங்களை வகுத்த லின்னேயஸ், 1753-இல் மிளகையும் திப்பிலியையும் வெற்றிலையையும் ஒரே பேரினத்தில் அடக்கினார். பூவாத தாவரமாயின் அதை அவர் வேறொரு வகுப்பில் வைத்திருப்பார்.

காய்ப்பது அரிதென்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் கொடியில் உண்டாவன. கொடிக்காலிலோ ஒரு கொடியைத் துண்டித்து நட்டே தோட்டம் முழுவதும் பெருக்குவதால், அங்கே நிற்பதெல்லாம் ஒரே பாலாகிவிடுகிறது. மேலும் அகத்தியில் ஏற்றி, வாழை நாரால் கட்டி, கிள்ளிக் கிள்ளிக் கவுளி கட்டிக்கொண்டே, வளர்ந்த கொடியை இறக்கிப் புதைப்பவரிடம் பக்கக் கிளை முதிர்ந்து கதிர் விட அவகாசம் ஏது?

இலையிலேயே ஆண், பெண் பார்க்கும் சாஸ்திரம் ஒன்றும் உண்டு. கிளைநரம்புகள் நடுநரம்பில் இணை இணையாகக் கூடினால் பெண்ணாம், மாறி மாறிக் கூடினால் ஆணாம். (பூவே இல்லையென்பவர் பாலை மட்டும் எங்கிருந்து பெற்றாரோ!) என் உறவினர் வீட்டுக் கிணற்றடிக் கொடியில், ஒரே கிளையிலிருந்து இவ்விரு வித இலைகளையும் கிள்ளி மேற்படிப் பெரியவரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல், இரண்டையும் சேர்த்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.