குதிரும் பதுக்கலும்

முத்துக் குளிப்பால் புகழ்பெற்ற தூத்துக்குடித் துறையினின்று 2022 சூன் திங்களில் இலங்கைக்கு அரிசிக் கப்பலொன்று புறப்பட்டது. தமிழக அரசு தருவதாக அறிவித்த 40,000 தொன் அரிசியில் ஒரு பகுதி அது. பால்மாவும் மருந்தும் உடன்சென்றன. அயற்பணம் தீர்ந்தமையாலும், 2021-இல் செயற்கை உரத்தை ஒரே ஆணையால் தடுத்து விளைச்சலைக் குலைத்தமையாலும் அத்தீவில் சோறு அரிதாயிற்று.

அக்கரையில் நேர்ந்தது இக்கரையிலும் நேரலாம். அந்நாளில் பணமுள்ளவன் கடையைத் துடைத்து வீட்டில் அடுக்கினால், உப்பளத்துக் கூலியாள் வெறும்பையோடு திரும்புவான்.

தமிழீர்! குதிர் வேறு, பதுக்கல் வேறு. ஒரு திங்களுக்குரிய அரிசியும் பருப்பும் கருவாடும் வீட்டில் இருக்கட்டும். அதற்குமேல் ஊருக்கொரு பொதுக்குதிர் வேண்டும். அதை நிரப்பப் பொருநை பாயும் வயல்கள் மனைகளாகாமல் காக்கப்படல் வேண்டும். விளைநிலம் இழந்த இனத்துக்கு எந்தக் குதிரும் நெடுநாள் சோறிடாது!