எவ்வளவு ஆங்கிலம், யாருக்கு?

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் மாதம். அடையாறில் ஒரு கருத்தரங்கு. தேநீர் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பேராசிரியர் சிரித்தபடி கேட்டார்: “வாட் டு யூ வொர்க் ஆன்?” நான் சொன்னேன்: “நோ சார், ஐ ஆம் நாட் வொர்க்கிங். ஐ ஆம் அ ஸ்டூடண்ட்.” அவர் ஒரு நொடி தயங்கி, தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ‘எதைப் பற்றி ஆய்வு செய்கிறாய்’ என்பதுதான் கேள்வி என்று எனக்குப் புரிந்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது.

முந்தைய நாள் இரவு நாற்பது பக்க ஆங்கிலக் கட்டுரையை அடிக்கோடிட்டுப் படித்து முடித்தவன் நான். விழுப்புரம் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாலும் இலக்கணத்தில் நான் மோசமில்லை. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் தூக்கத்திலும் மாற்றுவேன். எனக்கு இல்லாமல் போனது, சின்னச் சின்ன அன்றாட வாக்கியங்கள். பேச்சை எப்படித் தொடங்குவது, நடுவில் எப்படி நுழைவது, மரியாதை குறையாமல் எப்படி மறுப்பது என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருந்ததில்லை.

அது வீட்டில் கிடைப்பது. தாத்தா ஆங்கில நாளிதழ் படித்த வீட்டில், சாப்பாட்டு நேரத்தில், காசில்லாமல் கிடைப்பது. 1912இல் சென்னை மாகாண மக்கள்தொகையில் ஏறக்குறைய 3 விழுக்காடாக இருந்த பார்ப்பனர்கள், மாவட்ட முன்சீப் பதவிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் வைத்திருந்தார்கள். அந்தத் தலைமுறையின் ஆங்கிலம்தான் மயிலாப்பூர் வீடுகளில் கைமாறி வந்திருக்கிறது. ஆய்வு மொழியில் இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார்கள். ஊர் மொழியில் பரம்பரைச் சொத்து. ஆனால் சொத்து என்று யாரும் சொல்வதில்லை. ‘திறமை’ என்கிறார்கள்.

இதே அடையாறில் இந்தக் கதைக்கு ஒரு பழைய அத்தியாயம் உண்டு. பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், 1894இல் ஊரூரில் ‘பஞ்சமர்’ பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், மயிலாப்பூர் என்று வேறு பள்ளிகளும் வந்தன. மற்ற பள்ளிகள் நம் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திய காலம் அது. அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு சேர்ந்து பணியாற்றினார். 1898இல் இருவரும் இலங்கைக்கே சென்று வந்தார்கள். ஆகவே அந்தப் பள்ளிகளை நான் எளிதில் தூக்கியெறிய மாட்டேன்.

ஆனால் அங்கே எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழில் எழுதப் படிக்க, எளிய கணக்கு, சமையல், கூடவே கொஞ்சம் பேச்சு ஆங்கிலம். வெள்ளைக்காரர் வீடுகளில் நல்ல வேலைக்காரர்களாகத் தேறுவதற்கு அது போதும் என்பதே கணக்கு. துரை சொல்வது புரிய வேண்டும், அதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு மேல் படிப்பு கொடுப்பது நோக்கமாக இருக்கவில்லை.

இதற்கு ஓராண்டு முன்பு, 1893இல் என்ன நடந்தது தெரியுமா? ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து, 3,412 பேரின் கையொப்பத்தோடு 112 அடி நீள மனுவை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். ஏற்கெனவே ஆங்கிலம் படித்துவிட்ட ஆதிக்க சாதியினரே அந்தப் பதவிகளையும் பிடித்துக்கொண்டு நம்மை ஆள்வார்கள் என்பதே அவர்களின் அச்சம். பாராளுமன்றத்துக்கே ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த மக்களுக்குத்தான், அடுத்த ஆண்டு ‘யெஸ் சார்’ அளவுக்கு ஆங்கிலம் போதும் என்று அளந்து கொடுக்கப்பட்டது.

அந்த அளவுகோல் இன்னும் மாறவில்லை. மயிலாப்பூரில் கால்வாய் ஓரக் குடியிருப்பு ஒன்றின் படிப்பகத்தில் சனிக்கிழமை மாலைகளில் நான் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். தி. நகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை வருகிறார். “ஹவ் மே ஐ ஹெல்ப் யூ, மேடம்”, “சாரி ஃபார் தி டிலே, சார்” என்று கடையில் சொல்லிக்கொடுத்ததை ஒரு பிழையில்லாமல் ஒப்பிக்கிறார். எல்லாமே பணிவும் மன்னிப்பும்தான்.

முதல் வகுப்பிலேயே நான் கொண்டுபோன சொற்பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். “உங்களுக்கு எந்த வாக்கியம் வேணும், தமிழ்லயே சொல்லுங்க” என்றேன். அந்தத் தங்கை சொன்னது: “கால் வலிக்குது, கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்.” கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்துவிட்டது. வட இந்தியாவிலிருந்து வந்த மேற்பார்வையாளரிடம் அதைக் கேட்க அவருக்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது.

அடையாறு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்யும் ஓர் அக்கா கேட்டது வேறு. “என் முன்னாடி என்னைப் பத்தியே இங்கிலீஷ்ல பேசிக்கிறாங்க. ஒரு நாள் வளையல் காணோம். ‘மெய்டு’, ‘போலீஸ்’ இது ரெண்டுதான் புரிஞ்சுது. மிச்சம் என்னன்னு எனக்குத் தெரியணும் தம்பி.” வளையல் மறுநாள் குளியலறையில் கிடைத்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த வீட்டுக்காரர்கள் தமிழில் சொன்னார்களாம்.

நான் அன்றாட ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கருத்தரங்கத் தேநீர் வரிசைப் பேச்சை. அக்காவுக்கு அது தன் மீது சுமத்தப்படும் பழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் உரிமை.

‘அப்படியானால் தமிழ்?’ என்று சிலர் கேட்பார்கள். படிப்பகத்தில் யாரும் தமிழை விடவில்லை. தாய்மொழியே போதும் என்று நமக்கு அறிவுரை சொல்பவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலம் வந்தால் சாதி போய்விடும் என்றும் நான் நம்பவில்லை. நேர்த்தியான ஆங்கிலத்தில் “ஆர் யூ வெஜிடேரியன்?” என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்று சொன்ன உரிமையாளர்களை நான் மயிலாப்பூரில் சந்தித்திருக்கிறேன். சாதி எந்த மொழியிலும் சரளமாகப் பேசும். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் நாம் வாயடைத்து நிற்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

தோழர்களே, நம்மில் பலருக்கு இன்று ஓரளவு ஆங்கிலம் வந்துவிட்டது. ஒருவர் ‘வொர்க் ஆன்’ புரியாமல் விழித்தால் நாமும் உள்ளுக்குள் சிரிக்கப் பழகியிருக்கிறோம். முதலில் அதை விடுவோம். அடுத்து, உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ‘தேங்க் யூ’, ‘சாரி’யோடு நிறுத்தாதீர்கள். “ஐ டோண்ட் அக்ரீ”, “ஒய்?”, “ப்ளீஸ் கிவ் இட் இன் ரைட்டிங்”, “தட் இஸ் நாட் மை ஜாப்” ஆகியவற்றையும் பலமுறை சொல்லிப் பழக்குங்கள். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

சென்ற மாதம் அந்த அக்கா வகுப்புக்குத் தாமதமாக வந்தார். அவரை வைத்துக்கொண்டே மறுபடி ஆங்கிலத்தில் ஏதோ பேசினார்களாம். பாத்திரத்தைக் கழுவியபடியே, “ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம்” என்றாராம். பேச்சு அப்படியே நின்றுவிட்டதாம்.

“அடுத்து என்ன சொல்லணும் தம்பி?” என்று நோட்டைத் திறந்தார். அன்றைய பாடத்தை அங்கிருந்துதான் தொடங்கினோம்.