பத்து நாள், ஏழு நாடு, ஒரு ஊர்கூட இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நாக்பூரில் நம்ம ஆட்கள் நாலு குடும்பம் ஒரு வீட்டில் கூடியிருந்தோம். இட்லி, வடகறி முடிந்ததும் பேச்சு வழக்கம்போல மே மாத லீவுக்குத் தாவியது. நண்பர் ஒருத்தர் வயசான அப்பா அம்மாவையும் சேர்த்து ஆறு பேருக்கு ஐரோப்பா பேக்கேஜ் கட்டப்போகிறாராம். "பத்து நாள், ஏழு நாடு சார். தயிர்சாதம் கூடவே வருது" என்றார். எல்லாரும் கைகொடுத்தார்கள். நான் மட்டும் உம்மென்று இருந்தேன். பொறாமை என்று தங்கமணி நினைத்துக்கொண்டாள். பொறாமை இல்லை மக்களே, பழைய காயம்.

அதே பத்து நாள் ஏழு நாட்டை 2018-ல் நானும் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டைதான்.

அப்பா ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். மயிலாடுதுறை - தரங்கம்பாடி மீட்டர் கேஜ் லைனில் வேலையை ஆரம்பித்தவர். எண்பதுகளில் அந்த லைனை மூடினபோது வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தது என்று அம்மா சொல்வாள். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜெர்மனிக்கு எங்கள் பேக்கேஜில் ஒதுக்கியது ஒரு ராத்திரி. பிளாக் ஃபாரஸ்டில் ஒரு குக்கூ கடிகாரக் கடையில் ஒன்றேகால் மணி நேரம். கொலோன் கதீட்ரல் வாசலில் முப்பது நிமிஷம்.

கதீட்ரலை ஒட்டினாற்போலவே கொலோன் ரயில் நிலையம். அப்பா கதீட்ரலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டேஷனையே பார்த்தார். "அஞ்சு நிமிஷம் பிளாட்ஃபாரம் வரைக்கும் போயிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார். டூர் மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நானும், "எல்லாரும் காத்திருக்காங்கப்பா, பஸ்ஸுல ஏறுங்க" என்றேன். ஏறிவிட்டார். 2021-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது மேட்டருக்கு வருவோம். பழைய டூர் புரோகிராமை எடுத்துப் பேங்க் புத்தியோடு கூட்டிப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தது 46 மணி நேரம். தரையில் காலை வைத்து ஊர் பார்த்தது 31 மணி நேரம். எட்டு ஓட்டல், எட்டு தடவை பெட்டி கட்டினோம். லோன் கேட்டு வரும் பார்ட்டி இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் கொண்டுவந்தால் ஃபைலை மூடிவிடுவேன். சொந்தக் காசில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஏன்? திரும்பி வந்து இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை "ஏழு நாடு" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான். ட்ரான்ஸ்ஃபர் ட்ரான்ஸ்ஃபராக ஊர் மாறிக் குப்பை கொட்டுகிற நமக்குத் தெரியாதா, ஒரு ஊர் பிடிபட எத்தனை நாள் ஆகும் என்று? பால் கடை எது, மாலையில் எந்தப் பெஞ்சில் வெயில் விழும் என்பதெல்லாம் மூணாவது நாள்தான் தெரியும். எழுபது வயசுக்காரர்களுக்கு அதுதான் ஊர்.

இந்தத் தடவை அம்மாவோடு போகிறோம், நாலு பேர். ஜெர்மனி மட்டும். அதிலும் பழைய கிழக்குப் பக்கம் மட்டும். பத்து நாளில் ரெண்டே இடத்தில் தங்கல்.

முதல் தங்கல் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் க்வெட்லின்பர்க். மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள் தெருத்தெருவாக நிற்கிற சின்ன ஊர், 1994-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஸ்டேஷனிலேயே சின்ன லைன் ஒன்று வந்து சேர்கிறது. பக்கத்து ஊர் வெர்னிகரோடேயிலிருந்து 1,141 மீட்டர் உயரமுள்ள ப்ராக்கன் சிகரத்துக்கு இன்னும் நீராவி இன்ஜின் ஏறுகிறது. எல்லாம் ஒரே கம்பெனி, சுமார் 140 கிலோமீட்டர். என்ன கேஜ் தெரியுமா? 1,000 மில்லிமீட்டர். அப்பாவின் மீட்டர் கேஜ்! 2018-லும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் தேடவில்லை.

அங்கிருந்து ஹாலே வழியாக ட்ரெஸ்டன் பக்கம் இரண்டாவது தங்கல். ஹாலேயில் 1698-ல் தொடங்கிய ஃபிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ட்ரெஸ்டனிலிருந்து லோக்கல் ரயிலில் புல்ஸ்னிட்ஸ். இஞ்சி, மசாலா போட்ட கேக்குக்குப் பேர்போன குட்டி ஊர். 1682-ல் சீகன்பால்கு பிறந்த ஊரும் அதுதான். அங்கே கிளம்பினவர் 1706-ல் வந்து இறங்கியது தரங்கம்பாடியில். அம்மா அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அப்ப நம்ம லைனோட இன்னொரு டெர்மினஸ்னு சொல்லு" என்றாள்.

சரி, எதிர்க்கேள்விகள்.

"செலவு?" டாய்ச்லான்ட் டிக்கெட் என்று ஒன்று 2023-ல் 49 யூரோவுக்கு வந்தது. 2025-ல் 58, 2026-ல் 63. ஒரு காலண்டர் மாதம் முழுக்க லோக்கல் ரயில், பஸ், ட்ராம் எல்லாவற்றிலும் செல்லும். நாலு பேருக்கு 252 யூரோ. அதிவேக ரயிலில் செல்லாது, ப்ராக்கன் நீராவி ரயிலுக்குத் தனி டிக்கெட். ஒரு எச்சரிக்கை: இது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் சந்தா. 10-ம் தேதிக்குள் கேன்சல் செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் காசு போகும். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிட்டு மறந்துபோகும் கஸ்டமர்களைத் தினம் பார்க்கிறவன் சொல்கிறேன்.

"ஜெர்மன் ரயில் லேட் ஆகுதாமே?" ஆகிறது. 2024-ல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அவசரக்காரனுக்குத்தான் அது ஆபத்து. ரெண்டு மணி நேரத் தூரத்துக்கு அரை நாள் ஒதுக்கியவனுக்கு ஒரு ரயில் போனால் அடுத்த ரயில்.

"சாப்பாடு?" ஓட்டலுக்குப் பதில் சமையலறை உள்ள வாடகை வீடு. அரிசி, தயிர், காய்கறி எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைக்கவேண்டும். பருப்புப் பொடி பெட்டியில்.

"பெரியவர்களால் நடக்க முடியாதே?" இந்தக் கேள்விதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. காலை ஆறு மணிக்கு எழுப்பிப் பெட்டியை வெளியே வைக்கச் சொல்லும் பஸ் டூர் பெரியவர்களுக்குச் சௌகரியமா? வாடகை வீட்டில் அம்மாவுக்கு முட்டி வலித்தால் அன்றைக்கு லீவு. ஜன்னலோரம் காபி. யாரும் வாட்சைத் தட்ட மாட்டார்கள். கஷ்டமும் உண்டு. கருங்கல் பாவின தெருவில் சூட்கேஸ் சக்கரம் படுத்தும். லிஃப்ட் இருக்கிற ஸ்டேஷனா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். விசா, டிக்கெட், வீடு எல்லாம் நாமே உட்கார்ந்து போடவேண்டும். எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அந்த ஆறு ஞாயிறு சோம்பலுக்குத்தான் 2018-ல் அப்பாவைப் பஸ்ஸில் ஏற்றினேன்.

நண்பர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஏழு நாட்டு லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் அப்பாவிடம், "இதுல எதைப் பார்க்கணும்பா?" என்று கேளுங்கள். நான் கேட்டதே இல்லை.

டிஸ்கி: தனியாகப் போகிற இளைஞர்கள் ஏழு என்ன, பதினேழு நாடுகூடப் பாருங்கள். இந்தப் புலம்பல் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும்.