வைர அரசனின் நாட்டில் வறியவர்க்கு இடமில்லை

சிறுவர் கதை என்றாலே இளப்பமாகப் பார்க்கும் பழக்கம் தோழர்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. பேயும் வரமும் வரும் கதை பகுத்தறிவுக்குப் பகை என்பது அவர்களது வாதம். பிள்ளைகளின் கதையில் பசியும் சிறையும் வரலாகாது என்று பதறும் பெற்றோர் மறுபுறம் நிற்கின்றனர். இரு தரப்பாரும் வங்கத்தின் ஒரு பழங்கதை என்னவாயிற்று என்பதை அறிதல் நன்று.

உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி 'சந்தேஷ்' சிறுவர் இதழில் 1915இல் எழுதிய கதை, கூப்பி, பாகா என்னும் இரு நாட்டுப்புறக் கலைஞர்களைப் பற்றியது. பேய்களின் வரத்தால் இவர்களது இசை கேட்போர் அசையாது நின்றுவிடுவர். பேரன் சத்யஜித் ராய் 1969இல் இதனைப் போரெதிர்ப்புப் படமாக்கினார். 1980இல் அதே இருவரை 'ஹீரக் ராஜார் தேஷே' படத்தில் ஒரு கொடுங்கோலனின் நாட்டுக்கு அனுப்பினார். தயாரித்தது மேற்கு வங்க இடது முன்னணி அரசு. வைர அரசனாக நடித்தவர் உத்பல் தத்.

அங்கே சுரங்கத் தொழிலாளி வைரம் தோண்டிப் பட்டினி கிடக்கிறான். பள்ளி மூடப்படுகிறது, நூல்கள் எரிக்கப்படுகின்றன. முறையிடும் உழவனை ஓர் இயந்திரத்துள் தள்ளி மூளைச்சலவை செய்கின்றனர்; வெளியே வருபவன் வரிபாக்கி வைப்பது தகாது என்று தானே ஓதுகிறான். அவையில் அனைவரும் இயைபுத் தொடையில் பேச, ஆசிரியர் உதயன் மட்டும் உரைநடையில் பேசுகிறார். சிந்திப்பவனுக்குத் தயாரித்துக் கொடுத்த எதுகையும் மோனையும் தேவையில்லை!

விழாவுக்கு வெளிநாட்டு விருந்தினர் வருவதால் ஏழைகளை விரட்டி மறைக்கும் காட்சி, அவசரநிலைக் காலத்து டெல்லியின் நேரடிப் பிரதிபலிப்பு என்று ராயே கூறியிருக்கிறார். ஐதராபாத்துக்கு அது பழங்கதையன்று. 2017 நவம்பரில் இவாங்கா டிரம்ப் பங்கேற்ற உலகத் தொழில்முனைவோர் மாநாட்டுக்கு முன்னர், நகரக் காவல்துறை இரண்டு மாதங்களுக்குப் பிச்சையெடுக்கத் தடை விதித்தது. பிடிபட்டோர் சிறை வளாகங்களில் அமைந்த இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். 2020இல் அகமதாபாத்தில் குடிசைகளுக்கு முன் சுவர் எழும்பியது. குடியரசுத் தலைவரின் தென்னக இல்லம் அமைந்த போலாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, பெரியவர்கள் வரும் சாலை ஏன் பளபளக்கிறது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

படத்தில் குறையும் உண்டு. இறுதியில் அரசனையே அந்த இயந்திரத்துள் தள்ளுகின்றனர். மனம் மாற்றப்பட்ட அவனும் தன் சிலையைச் சாய்க்கக் கயிறு பிடிக்கிறான். குழந்தைகள் கைதட்டுவார்கள், அது நியாயமே. எனினும் சுரங்கத் தொழிலாளியும் உழவனும் திரண்டு பெற வேண்டிய வெற்றியை வரமும் இயந்திரமும் பறித்துக்கொள்கின்றன. கொடுங்கோலனின் கருவியை மக்கள் கையில் எடுக்கலாமா, உடைக்க வேண்டுமா? பதின்ம வயதினரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. பெரியவர்கள் பலர் இதற்கு எளிதில் விடை சொல்லிவிட மாட்டார்கள்.

போலாரம் தோழர்கள் வரும் கோடை விடுமுறையில் இப்படத்தைத் திரையிடலாம். வசனங்களைத் தமிழில் சொல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அரசனின் பேச்சை இயைபு கெடாமல் பெயர்ப்பது கடினம். ஆசிரியரின் பேச்சில் இயைபு தப்பியும் நுழையலாகாது.