திங்கக்கிழமை லீவு

திருப்பூர்ல திங்கட்கிழமை காலையில பனியன் கம்பெனி சூப்பர்வைசர் யாரையாவது கேட்டுப் பாருங்க. "சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தாப் போதும், திங்கக்கிழமை ஆளே வர்றதில்லீங்க. குடிச்சுப்போட்டுப் படுத்துக்கிறானுங்க"ம்பாரு. அவர் கோபம் புரியுது. ஓவர்லாக் டெய்லர் ஒருத்தர் வரலேன்னா அடுத்த மெஷினும் பீஸ் வராம சும்மா நிக்கும். குடியும் ஒரு காரணம்தான், இல்லைங்கல. ஆனா அந்த லைன்ல உட்கார்ந்திருக்கறதுல நிறையப் பேர் பெண்கள் ஆச்சே, அவங்களுமா டாஸ்மாக் போறாங்க? :-)

அங்க ஒரு ஷிஃப்ட்னா 8 மணி நேரம். ஆர்டர் நெருக்கடின்னா ஒன்றரை ஷிஃப்ட், அதாவது 12 மணி நேரம். ரேஷன் கடை, பேங்க், பையனோட ஸ்கூல் எல்லாம் அவங்க மெஷின் முன்னாடி இருக்கற நேரத்துலதான் திறந்திருக்கு. லீவு போடாம எப்படிங்க போறது? பெண்கள் நிறையப் பேர் இருந்தா குழந்தைகள் காப்பகம் வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதிட்டாங்க. சரி, காப்பகமே இருந்தாலும் காய்ச்சல் வந்த குழந்தையை அங்க விட முடியுமா? அம்மாதான் வீட்ல இருக்கணும். (அப்பா ஏன் இருக்கறதில்லைங்கறது தனிப் பதிவு.)

உடம்புக்கு முடியலேன்னா ஈஎஸ்ஐ இருக்கேம்பீங்க. இருக்கு. சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். ஆனா முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. 15 நாளுக்குள்ள மறுபடி படுத்தாத்தான் அதுக்கு விலக்கு. ஆக, சாதாரண ரெண்டு நாள் காய்ச்சலுக்குப் பைசா பேறாது.

எனக்குப் பிடிக்கவே பிடிக்காதது வருகை போனஸ். மாசம் முழுக்க வந்தா தனியா ஒரு தொகை, ஒரு நாள் தவறினாலும் மொத்தமும் கட். கேட்க நல்லாத்தான் இருக்கு. 5ஆம் தேதியே காய்ச்சல்ல ஒரு நாள் போயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. மிச்ச நாள் ஒழுங்கா வர அந்த போனஸ்ல இனி என்ன இருக்கு? "போனது போச்சு, அப்படியே ஊருக்கும் போயிட்டு வந்துரலாம்"னுதான் தோணும். ஒரு நாள் லீவு நாலு நாளாயிடும். இதே காய்ச்சல் 28ஆம் தேதி வந்தா மாத்திரையைப் போட்டுட்டு வந்து, இருமி, பக்கத்து மெஷினுக்கும் கொடுத்துட்டுப் போவாங்க. ரெண்டு பக்கமும் கம்பெனிக்குத்தான் நஷ்டம். அதே தொகையை வாரா வாரம் பிரிச்சுக் கொடுத்தா என்ன? லீவு போட்ட வாரத்துப் பணம் மட்டும் போகும், அடுத்த திங்கக்கிழமை வர்றதுக்கு ஒரு காரணம் மிச்சம் இருக்கும்.

கோயமுத்தூர் மில் பக்கம் எப்படின்னு அங்க இருக்கற பதிவர்கள் யாராவது சொல்லுங்களேன்.